மீன் மூச்சு விடும் இடத்தில் முள்: சேலத்து ஏரியிலும் காவிரியிலும் தூண்டில் போட முழுமையான வழிகாட்டி

ஏற்காட்டுக்கு வரும் நண்பர்கள் ஏரிக்கரையில் நின்றதும் கேட்பது ஒரே கேள்விதான்: "இவ்வளவு குளிருதே, இங்க டிரவுட் கிடைக்குமா?" கிடைக்காது. ஏன் கிடைக்காது என்று புரிந்துகொண்டால், சேலம் மாவட்டத்தில் எந்த மீனை எங்கே, எத்தனை மணிக்குத் தேட வேண்டும் என்பதில் பாதி புரிந்துவிடும். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

டிரவுட் குளிர்நீர் மீன். தண்ணீர் 10 முதல் 16 டிகிரி செல்சியஸ் வரை இருந்தால் சுறுசுறுப்பாக இரை எடுக்கும். 20 டிகிரியைத் தாண்டினால் திணறும், 25 டிகிரியை ஒட்டி உயிருக்கே ஆபத்து. அதற்குச் சூடு மட்டும் காரணமில்லை, மூச்சும் காரணம். 10 டிகிரித் தண்ணீர் ஒரு லிட்டரில் சுமார் 11 மில்லிகிராம் ஆக்சிஜனைக் கரைத்து வைத்துக்கொள்ளும். அதே தண்ணீர் 30 டிகிரிக்கு ஏறினால் ஏழரை மில்லிகிராம்தான் நிற்கும். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். ஊட்டி 2,200 மீட்டருக்கும் மேல். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஏறத்தாழ ஆறரை டிகிரி குறையும் என்ற கணக்கில், இரண்டு ஊருக்கும் நடுவே நாலைந்து டிகிரி வித்தியாசம் வந்துவிடுகிறது. அதோடு டிரவுட் முட்டையிட, கூழாங்கல் படுகையில் ஓடும் குளிர்ந்த நீர் வேண்டும். ஏற்காடு ஏரி தேங்கிய தண்ணீர். நீலகிரியில் அவலாஞ்சியில் 1907-ஆம் ஆண்டு குஞ்சு பொரிப்பகம் அமைத்து டிரவுட்டை நிலைக்க வைக்க முடிந்தது என்றால், அங்கே ஓடைகள் அப்படி. ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையின் ஓடைகள் அப்படி இல்லை.

நம் பக்கம் இருப்பவை சூட்டைத் தாங்கிப் பழகிய மீன்கள். ஆனால் அவற்றுக்கும் மூச்சு வேண்டும். இந்த வழிகாட்டி முழுக்க அந்த ஒரு விஷயத்தைச் சுற்றித்தான் வரும்.

எங்கே போடலாம்

முதலில் அனுமதி. ஏரிகளில் மீன் பிடிக்கும் உரிமை பெரும்பாலும் குத்தகைக்கு விடப்பட்டிருக்கும். கரையில் யாரும் இல்லையே என்று உட்கார்ந்துவிடாதீர்கள். பக்கத்து டீக்கடையில் "இந்த ஏரிய யாருங்க குத்தகை எடுத்திருக்காங்க?" என்று கேட்டால் சொல்லிவிடுவார்கள். குஞ்சு வாங்கி விட்டு, இரவெல்லாம் காவல் காத்து வளர்ப்பது அவர்கள்தான். நேரில் போய்ப் பேசினால் ஒற்றைத் தூண்டிலுக்குப் பெரும்பாலானோர் மறுப்பதில்லை. ஏற்காடு ஏரி படகு சவாரி நடக்கும் இடம், அங்கே முள் வீசுவது மற்றவர்களுக்கு ஆபத்து. மேட்டூரில் அணையை ஒட்டிய பகுதி பாதுகாப்பு வளையம், அங்கே போகவே வேண்டாம். நீர்த்தேக்கத்தில் மீன் பிடிப்பதற்கு மீன்வளத் துறையின் உரிமம் உண்டு, அதை விசாரித்துக்கொண்டு போங்கள்.

பழகுவதற்கு உங்கள் ஊர் ஏரியே போதும். அடுத்த படி ஆற்றங்கரை: பூலாம்பட்டி கதவணைப் பக்கம் அகன்று நிற்கும் காவிரி. அதற்கும் மேலே, மேட்டூர் நீர்த்தேக்கத்தின் பின்பக்கம், பண்ணவாடி, கோட்டையூர் பரிசல் துறைகள். 1934-இல் கட்டி முடித்த அணை அது. 120 அடி நிறைந்தால் 93.47 டி.எம்.சி. தண்ணீர். அந்தத் தண்ணீருக்கு அடியில் பழைய ஊர்கள் இருக்கின்றன. நீர்மட்டம் வெகுவாக இறங்கும் கோடையில் பண்ணவாடியில் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தியும் பழைய தேவாலயக் கோபுரமும் வெளியே தெரியும். அப்போது ஒருமுறை போய்ச் சும்மா நடந்து பாருங்கள். எங்கே மேடு, எங்கே பழைய சுவர், எங்கே வாய்க்கால் என்று மனதில் குறித்துக்கொள்ளுங்கள். தண்ணீர் ஏறிய பிறகு மீன் நிற்கப்போவது அந்த மேட்டின் ஓரத்திலும் சுவரின் நிழலிலும்தான். மீன் பிடிக்காமல் திரும்பிய அந்த ஒரு நாள், எனக்கு மூன்று வருடம் மீன் கொடுத்தது.

என்ன வாங்க வேண்டும்

குறைவாக வாங்குங்கள். ஜிலேபிக்கும் சின்னக் கெண்டைக்கும் பத்தடி மூங்கில் கம்பு இன்றைக்கும் நன்றாக வேலை செய்யும். நுனி மெலிந்து, வளைத்தால் சட்டென்று நிமிரும் கம்பாகப் பார்த்து எடுங்கள். ரீல் வைத்துப் போட விரும்பினால் ஏழு அல்லது எட்டடிக் கம்பும், 2500 அல்லது 3000 அளவு ரீலும் ஏரிக்கும் ஆற்றுக்கும் பொதுவாகப் போதும்.

நரம்பு, அதாவது தூண்டில் கயிறு விஷயத்தில் பலர் தப்பு செய்கிறார்கள். பெரிய மீன் வந்தால் அறுந்துவிடுமே என்று வடம் மாதிரி தடிமனாக வாங்குவார்கள். மீன் அதைப் பார்த்துவிட்டுப் போய்விடும். ஜிலேபிக்கு 0.20 மில்லிமீட்டர், ரோகு, மிர்கால் போன்ற பெரிய கெண்டைகளுக்கு 0.30 முதல் 0.35 வரை போதும். விராலுக்கு மட்டும் விதிவிலக்கு, அதைப் பின்னால் சொல்கிறேன். முள்ளின் எண் கூடக் கூட முள் சிறிதாகும். ஜிலேபிக்கு 8 அல்லது 10, ரோகுவுக்கு 4 அல்லது 6.

தக்கைக்கு நெட்டியோ மயில் இறகின் தண்டோ எதுவானாலும் சரி. ஈயத்தைச் சரியாகப் போட்டால் தக்கையின் நுனி மட்டும் ஒரு விரற்கடை வெளியே நிற்கும். ஈயம் குறைந்து தக்கை பாதி வெளியே நின்றால், மீன் இழுக்கும்போது கனம் தெரிந்து இரையைத் துப்பிவிடும். கரைக்குப் போனதும் இரை கோக்காமல் ஒருமுறை போட்டுப் பார்த்து ஈயத்தைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள். ஐந்து நிமிட வேலை.

முடிச்சு

இங்கே கொஞ்சம் நிதானியுங்கள். மூக்கனேரிப் பக்கம் ஒரு சாயங்காலம், மூன்று கிலோவுக்குக் குறையாத கட்லா ஒன்றைக் கரைக்கு நாலடி தூரம் வரை கொண்டுவந்து விட்டேன். சட்டென்று கம்பு இலேசாகிவிட்டது. நரம்பின் நுனி பன்றி வால் மாதிரி சுருண்டிருந்தது. அறுந்திருந்தால் அப்படிச் சுருளாது, முடிச்சு உருவிக்கொண்டிருக்கிறது. அன்றைக்கு இருட்டுகிறதே என்று அவசரத்தில் நனைக்காமல் இறுக்கிய முடிச்சு அது. வாயில் முள்ளோடு போன அந்த மீனை நினைத்தால் இன்றைக்கும் சங்கடமாக இருக்கிறது.

செய்ய வேண்டியது இதுதான். நரம்பை முள்ளின் காதில் நுழைத்து ஒரு சாண் அளவு வெளியே இழுங்கள். அந்த நுனியை, கம்பை நோக்கிப் போகும் மேல்நரம்பின் மேல் ஐந்து சுற்று சுற்றுங்கள். இப்போது காதை ஒட்டி ஒரு சின்ன வளையம் தெரியும். நுனியை அதற்குள் விடுங்கள். அப்படி விட்டதும் பக்கத்தில் ஒரு பெரிய வளையம் உண்டாகும், நுனியை அதற்குள்ளும் விட்டு எடுங்கள். பிறகு முடிச்சை உதட்டில் வைத்து எச்சிலால் நனையுங்கள். மெதுவாக, ஒரே சீராக இழுங்கள். சுற்றுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் ஸ்பிரிங் போல வரிசையாக உட்கார்ந்தால் முடிச்சு நல்ல முடிச்சு. காய்ந்த நரம்பை இழுத்தால் உராய்வுச் சூட்டில் அது பலம் இழந்துவிடும், அதனால்தான் எச்சில். வால் நுனியை இரண்டு மில்லிமீட்டர் விட்டு வெட்டுங்கள். வீட்டில் டிவி பார்த்துக்கொண்டே ஐம்பது தடவை போட்டுப் பழகினால் இருட்டிலும் விரல் தானாகப் போடும்.

இரை

மண்புழு எல்லா மீனுக்கும் பொது. சாணக்குழி ஓரத்து ஈரமண்ணில் கிண்டினால் கிடைக்கும். முள்ளின் நுனியில் அரை அங்குலம் துடிக்கும்படி விட்டுக் கோக்க வேண்டும்.

ரோகு, கட்லா, மிர்காலுக்கு மாவு. மைதா இரண்டு பங்கு, வறுத்துப் பொடித்த கடலைப் புண்ணாக்கு ஒரு பங்கு, பொட்டுக்கடலை மாவு ஒரு பங்கு. தண்ணீரைத் தெளித்துத் தெளித்துச் சப்பாத்தி மாவை விடக் கொஞ்சம் கெட்டியாகப் பிசையுங்கள். ஏலக்காய்ப் பொடி ஒரு சிட்டிகை சேர்க்கலாம். உருண்டை தண்ணீரில் பத்து நிமிடம் கரையாமல் நிற்க வேண்டும், இருபதாவது நிமிடம் கரைந்துபோக வேண்டும். அதுதான் பதம். கையில் பெட்ரோல், சோப்பு, சிகரெட் வாடை இருந்தால் மண்ணைத் தேய்த்துக் கழுவிவிட்டு மாவைத் தொடுங்கள்.

போடும் இடத்தில் முன்கூட்டியே ஊறவைத்த தவிடும் புண்ணாக்கும் கலந்த உருண்டை இரண்டு மூன்று எறிந்து வையுங்கள். அதற்கு மேல் வேண்டாம். வயிறு நிறைந்த மீன் முள்ளைத் தொடாது, மிச்சம் அழுகி ஏரித் தண்ணீரின் ஆக்சிஜனைத் தின்றுவிடும்.

தண்ணீரைப் பார்ப்பது

எனக்குத் தூண்டில் பிடிக்கச் சொல்லிக் கொடுத்தவர் சித்தப்பா. முதல் நாளே சொன்னார்: "தக்கையவே மொறச்சுப் பாத்துட்டு இருக்காதடா தம்பி. தண்ணி என்ன சொல்லுதுன்னு பாரு." அந்த வயதில் புரியவில்லை.

விடியற்காலைதான் நல்ல நேரம் என்று எல்லோரும் சொல்வார்கள். தெளிந்த தண்ணீருக்கும் ஆற்றுக்கும் அது சரி. பாசி பிடித்துப் பச்சையாக இருக்கும் ஏரிக்குச் சரியில்லை. பகலில் வெயிலில் ஆக்சிஜன் கொடுக்கும் அதே பாசி, இரவெல்லாம் ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும். சூரியன் வருவதற்குச் சற்று முன்னால்தான் அந்த ஏரியில் மூச்சுக்காற்று மிகக் குறைவாக இருக்கும். மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்து பிளந்து மூடுவதைப் பார்த்தால், நிறைய மீன் இருக்கிறது என்று மகிழ்ந்துவிடாதீர்கள். அவை பசியில் வரவில்லை, திணறிக்கொண்டு வந்திருக்கின்றன. முள்ளைக் கீழே வையுங்கள். வெயில் ஏறி ஒன்றரை மணி நேரம் கழித்து, எட்டு எட்டரைக்குப் பிறகு அதே இடத்தில் போடுங்கள், நின்று இரை எடுக்கும்.

காற்றையும் பாருங்கள். காற்று எந்தக் கரையை நோக்கி அடிக்கிறதோ அந்தக் கரையில் நுரையும் சருகும் ஒதுங்கும், அலை மோதி ஆக்சிஜனும் கலக்கும். முகத்தில் காற்று அடிக்க உட்கார்வது சௌகரியமில்லைதான், ஆனால் மீன் அங்கேதான் இருக்கும். சித்திரை வெயிலில் நடுப்பகலில் ஆழத்தைத் தேடுங்கள். முதல் மழைக்குப் பிறகு ஓடைத் தண்ணீர் ஏரிக்குள் விழும் வாயைத் தேடுங்கள். மேட்டூர் உபரிநீரை மாவட்டத்தின் 100 ஏரிகளுக்குக் கொண்டுவரும் திட்டத்தில் குழாய் வந்து விழும் ஏரிகள் இருக்கின்றன. தண்ணீர் விழும் நாட்களில் அந்த வாய்க்குப் பக்கத்தில் மீன் கூடுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

எந்த மீன் எந்த ஆழத்தில் என்பதை அதன் வாயே சொல்லும். கட்லாவின் வாய் மேல்நோக்கியது, மேல்தண்ணீரில் மேயும். ரோகு நடுத்தண்ணீர். மிர்காலின் வாய் கீழே பார்த்திருக்கும், தரையில் மேயும். தக்கைக்கும் முள்ளுக்கும் இடையே எவ்வளவு நரம்பு விடுவது என்பதை இதை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

கடி

ஜிலேபி கடித்தால் தக்கை இரண்டு முறை படபடத்துப் பக்கவாட்டில் நகரும். நகரும்போது சுண்டுங்கள். ரோகு வந்தால் தக்கை மெல்ல, மிக மெல்ல அமிழும், நுனி நீருக்குள் போன பிறகு சுண்டுங்கள். மிர்கால் தரையில் இருக்கும் இரையை எடுத்துக்கொண்டு தலையைத் தூக்கும். ஈயத்தின் கனம் தக்கையை விட்டுப் போவதால் தக்கை மேலே எழுந்து படுத்துவிடும். புதியவர்கள் இதைக் கடி என்றே நினைப்பதில்லை, அமிழட்டும் என்று காத்திருப்பார்கள். படுத்த கணமே சுண்ட வேண்டும். சுண்டுவது என்றால் மணிக்கட்டு வேலைதான். தோளிலிருந்து இழுத்தால் வாய் கிழியும்.

சிக்கிய பிறகு கம்பை நிமிர்த்திப் பிடித்து வளைவை வேலை செய்ய விடுங்கள். ரீலின் டிராக்கை, அதாவது நரம்பு வெளியே ஓடும் இறுக்கத்தை, முன்கூட்டியே சரிபார்த்திருக்க வேண்டும்: நரம்பைக் கையால் இழுத்தால் சிரமப்பட்டு, ஆனால் திக்காமல் வர வேண்டும். மீன் ஓடினால் ஓட விடுங்கள், நின்றால் சுற்றுங்கள். கரைக்கு வந்ததும் நரம்பைப் பிடித்துத் தூக்காமல் கைவலையைத் தண்ணீருக்குள் வைத்து, மீனை அதன் மேல் கொண்டுவந்து தூக்குங்கள்.

திருப்பி விடுவதானால் கையை நனைத்துக்கொண்டு தொடுங்கள். உலர்ந்த கை மீனின் மேலுள்ள வழவழப்பை உரித்துவிடும், அந்த இடத்தில் நோய் பிடிக்கும். ஜிலேபியின் வாயை ஒருமுறை திறந்து பாருங்கள். தாய் மீன் முட்டையையும் குஞ்சையும் வாய்க்குள் வைத்துக் காக்கும். அப்படி இருந்தால் உடனே தண்ணீரில் விட்டுவிடுவது என் பழக்கம். 1952-இல் வெளியிலிருந்து வந்த மீன்தான், நம் ஏரிகளை ஆக்கிரமித்ததும்தான், ஆனாலும் அந்தக் கோலத்தில் பையில் போட மனம் வருவதில்லை. ஆப்பிரிக்கக் கெளுத்தி சிக்கினால் மட்டும் இரக்கம் காட்டாதீர்கள். வளர்ப்பதற்கே தடை உள்ள மீன் அது. திருப்பி விட்டால் நாட்டு மீன்களைத் தின்று தீர்க்கும்.

கெளுத்தி, தேளி இரண்டின் பக்க முள்ளும் குத்தினால் கடுப்பு தாங்காது. பொறுக்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் அந்த இடத்தை அமிழ்த்தி வைத்தால் வலி இறங்கும். வீக்கம் ஏறினால் மருத்துவரிடம் போய்விடுங்கள்.

விரால் தனிக்கலை

விரால் நேரடியாகக் காற்றையே சுவாசிக்கக்கூடியது. தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்தாலும் அதற்குக் கவலையில்லை. மேலே வந்து ஒரு வாய்க் காற்று எடுத்துக்கொண்டு போய்விடும். அல்லிக்கொடி நடுவே "ப்ளக்" என்று ஒரு சத்தம், ஒரு வட்ட அலை. அதுதான் அடையாளம். சத்தம் வந்த இடத்தில் போடாதீர்கள், கலைந்துவிடும். இரண்டு மூன்று மீட்டர் தாண்டிப் போட்டு, அந்த வட்டத்தின் வழியாக இழுத்து வாருங்கள்.

முன்பெல்லாம் உயிர்த்தவளை கோப்பார்கள். வேண்டாம். நம் தவளைகளில் சில வனவிலங்குச் சட்டப் பாதுகாப்பில் இருப்பவை. ரப்பர் தவளை இப்போது எல்லாத் தூண்டில் கடையிலும் கிடைக்கிறது, கொடியில் மாட்டாமல் வழுக்கி வரும். இங்கே மட்டும் தடித்த நரம்பு வேண்டும்: 30 அல்லது 40 பவுண்டு பின்னல் நரம்பு. அடித்ததும் விரால் கொடிக்குள் புகுந்துவிடும், மெல்லிய நரம்பு அங்கே நிற்காது. அடித்த உடனே சுண்டாமல் ஒன்று, இரண்டு என்று மனதுக்குள் எண்ணிவிட்டுச் சுண்டுங்கள்.

செம்மஞ்சள் நிறத்தில் குஞ்சுக் கூட்டம் மேலே கொப்புளித்துக்கொண்டு நகர்வதைப் பார்த்தால், அடியில் தாயும் தகப்பனும் காவல் நிற்கின்றன. அந்த நேரத்தில் எதைப் போட்டாலும் கோபத்தில் பாய்ந்து கடிக்கும், பிடிப்பது சுலபம். அந்தச் சுலபத்துக்காகவே பிடிக்கக் கூடாது. பெற்றோர் போனால் அன்றைக்கே மற்ற மீன்கள் அத்தனை குஞ்சையும் முடித்துவிடும்.

ஆறும், டிரவுட்டுக்கான பாடமும்

ஆற்று மீன் தலையை நீரோட்டத்தை எதிர்த்து வைத்து நிற்கும். செவுள் வழியே தண்ணீர் தானாகப் போகும், இரையும் தானாக வரும். பாறைக்குப் பின்னால், வேகமான தண்ணீரும் மெதுவான தண்ணீரும் உரசும் கோட்டில் அது நிற்கும். அதற்கு மேல்பக்கம், தண்ணீர் வரும் திசையில் போட்டு, ஓட்டத்தோடு இயல்பாக இரையை மிதந்து வரவிட வேண்டும். டிரவுட் பிடிப்பவர்களின் மொத்த வித்தையும் இதுதான். ஏறக்குறைய 1,800 ஆண்டுகளுக்கு முன்பே மாசிடோனியாவின் ஓர் ஆற்றில் சிவப்புக் கம்பளி நூலையும் சேவல் இறகையும் முள்ளில் சுற்றிப் பூச்சி போலச் செய்து மீன் பிடித்ததாக எழுதி வைத்திருக்கிறார்கள். இறகுப் பூச்சி மாறவில்லை, கம்பும் நரம்பும்தான் மாறியிருக்கின்றன.

பூலாம்பட்டியில் இதைப் பழகிக்கொண்டு, மீன்வளத் துறை அனுமதியோடும் வனத்துறை விதிகளுக்கு உட்பட்டும் நீலகிரிக்குப் போனால், அந்நியமாக இருக்காது. ஓடைக்குக் கீழ்ப்பக்கமிருந்து, மீனின் முதுகுப்புறமாகக் குனிந்து வாருங்கள். உங்கள் நிழல் தண்ணீரில் விழக் கூடாது.

காவிரியில் இரண்டு எச்சரிக்கை. அணையில் எப்போது தண்ணீர் திறந்தாலும் கீழே மட்டம் திடீரென்று ஏறும், ஆற்றுக்குள் பாறையில் ஏறி உட்காராதீர்கள். கார்பன் கம்பில் மின்சாரம் பாயும், மேலே மின்கம்பி போகும் இடத்திலும் இடி மின்னலிலும் கம்பை மடக்கிவிடுங்கள். மீன் பிடிக்க வெடித் தோட்டா, பிளீச்சிங் பவுடர் போடுபவர்களைப் பார்த்தால் புகார் கொடுங்கள். 1897-ஆம் ஆண்டு மீன்வளச் சட்டத்திலிருந்தே அது குற்றம். காவிரியின் கூனல் முதுகு மஷீர் மீன் இன்று அழிவின் விளிம்பில் நிற்கிறது. செம்மஞ்சள் துடுப்போடு பெரிய கெண்டை போன்ற எது சிக்கினாலும், தண்ணீருக்குள் வைத்தே முள்ளைக் கழற்றி, நீரோட்டத்தைப் பார்த்துத் தலையைப் பிடித்து, தானாகத் திமிறிப் போகும்வரை காத்திருங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு

ஆடிப்பெருக்கன்று மேட்டூரில் முனியப்பனைக் கும்பிட்டுவிட்டு வறுவல் சாப்பிட்டவர்களுக்குத் தெரியும், அந்த மீனில் மண் வாடை இருக்காது. ஏரி மீனில் இருக்கும். பாசியிலிருந்தும் நுண்ணுயிரிலிருந்தும் மீனின் கொழுப்பில் ஏறும் வாடை அது, புளிப்பு அதை முறிக்கும். விராலைச் சாம்பல் தொட்டு உரசுங்கள், வழுக்காது. கெண்டையைக் கல்லுப்புப் போட்டு உரசிக் கழுவுங்கள். வயிற்றுக்குள் இருக்கும் கறுப்புத் தோலை முழுக்க உரித்தெடுங்கள். கெட்டியான புளிக்கரைசலில் மஞ்சள் கலந்து அரை மணி நேரம் ஊற விட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, பிறகு மசாலா தடவுங்கள். மீன் ஊறும் அந்த அரை மணி நேரத்தில் முள்ளைத் துடைத்து ஒரு சொட்டு தேங்காய் எண்ணெய் தடவி வைத்து, நரம்பின் கடைசி இரண்டு மீட்டரை விரலிடுக்கில் உருவிப் பாருங்கள். சொரசொரப்பு தட்டினால் அந்த இடம் வரை வெட்டி எறிந்துவிட்டு, புது முடிச்சுப் போட்டு வையுங்கள். வெட்டிய துண்டைக் குப்பைத் தொட்டியில் போடுங்கள். ஏரிக்கரையில் விட்டால் கொக்கின் காலில் சுற்றிக்கொள்ளும்.